ஒரு பீரியடுக்குள் கட்டுரை

பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்க வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஒரு பீரியடுக்குள் கட்டுரை எழுதச் சொன்னால் பாதிப் பேர் முன்னுரையோடு நின்றுவிடுகிறார்கள், மீதிப் பேர் தலைப்பு எதுவானாலும் நோட்ஸில் படித்ததையே ஒப்பிக்கிறார்கள், அடுத்த மாதம் மறுபடி வைக்கப்போகிறேன், தலைப்பை முன்கூட்டியே சொல்லிவிடலாமா, எத்தனை தடவை எழுதவைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தலைப்பும் தடவையும் சின்னக் கேள்விகள், கடைசியில் சொல்கிறேன். உங்களை உறுத்துவது வேறு என்று தோன்றுகிறது. ஊர்த் திருவிழாவைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, தாளைக் கொடுத்துக் கடிகாரத்தைக் காட்டியதும் ஏன் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது? 27 வருடம் அரசுப் பள்ளிகளில் ‘தமிழம்மா’வாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலும் ஒன்பதும் பத்தும்தான் எடுத்தேன். மேல்நிலை வகுப்புகளில் என் அனுபவம் குறைவு, அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. பொதுத்தேர்வுத் தமிழ்த்தாளுக்கு 100 மதிப்பெண், எழுத 3 மணி நேரம். வினாத்தாளைப் படிக்கவும் விவரம் நிரப்பவும் தரும் 15 நிமிடம் தனி. 180 நிமிடத்தை 100-ஆல் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். பொதுக்கட்டுரைக்கு 8 மதிப்பெண் என்றால் 14 நிமிடம் சொச்சம். அதுவும் தாளின் கடைசிப் பகுதியில், கை ஓய்ந்துபோன நேரத்தில். ஆக, நீங்கள் தருகிற 40 நிமிடம் தேர்வில் கிடைப்பதைப்போல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதைத் தேர்வுக்கான ஒத்திகை என்று நினைத்தால் குழப்பம் வரும்; நான் பல வருடம் அப்படிக் குழம்பியிருக்கிறேன். 40 நிமிடம் என்பது யோசித்து, குறித்து, எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற நேரம். 15 நிமிட ஓட்டம் அதற்கப்புறம். நடக்கத் தெரியாத குழந்தையை ஓடச் சொல்லி நாமே பயமுறுத்தி வைத்திருக்கிறோம்.

அடுத்தது, ‘நேரம் போதலைம்மா’ என்று சொல்கிற எல்லாருக்கும் ஒரே கோளாறு இல்லை. காய்ச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரே மாத்திரை கொடுக்கிற மாதிரி, நாம் எல்லாருக்கும் ‘இன்னும் நிறைய எழுதிப் பழகு’ என்கிறோம். சிலருக்குக் கை ஓடாது. சிலர் தலைப்பையே படித்திருக்க மாட்டார்கள். சிலருக்கு அடுத்த பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியாது. மூன்று பேருமே அரைப்பக்கத்தோடுதான் தாளைக் கொடுப்பார்கள். தாளைப் பார்த்து யார் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க முடியாது. எழுதும்போது பெஞ்சுக்குப் பெஞ்சு நடந்துதான் பார்க்க வேண்டும். அடுத்த முறை வைக்கும்போது நீங்கள் திருத்துகிற வேலை எதையும் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்காராதீர்கள். பத்தாவது நிமிடத்தில் யார் எத்தனையாவது வரியில் இருக்கிறார்கள் என்று மட்டும் வருகைப்பட்டியல் நகலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் நீங்கள் திருத்தப்போகிற 40 தாளை விட அதிகம் சொல்லும்.

கையைச் சோதிப்பது சுலபம். பாடநூலில் இருந்து ஒரு உரைநடைப் பத்தியைக் கொடுத்து 5 நிமிடம் பார்த்து எழுதச் சொல்லுங்கள், வரியை எண்ணுங்கள். என் வகுப்புகளில் கை ஓடுகிற பிள்ளைகள் நிமிடத்துக்கு இரண்டு வரி எழுதுவார்கள். திணறுகிறவர்கள் ஒரு வரியைக்கூட முடிக்க மாட்டார்கள். பார்த்து எழுதவே இந்த நிலை என்றால் யோசித்து எழுதும்போது எப்படி இருக்கும்? அந்தப் பிள்ளையிடம் கருத்து இல்லை என்று நாம் முடிவு கட்டுவது பெரிய அநியாயம். அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாமும் அவரோடு சேர்ந்தவர்களும் 1997-இல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை வைத்து வெளியிட்ட ஆய்வு, கையெழுத்து ஓட்டத்துக்கும் கட்டுரையின் அளவுக்கும் தரத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அவர்கள் ஆங்கிலம் எழுதுகிற சின்னப் பிள்ளைகள். அதே அளவு நம் பத்தாம் வகுப்புக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் பொருந்துகிறது. இங்கே இரண்டு சுழியா மூன்று சுழியா என்று கை தயங்குகிற நேரத்தில், தலை அடுத்த வாக்கியத்தைத் தேட முடியாது.

இதற்கு மருந்து சலிப்பானது: தினமும் 5 நிமிடம் பார்த்தெழுதுதல், வரி எண்ணிக்கையைப் பிள்ளையே நோட்டின் ஓரத்தில் குறித்துவைத்தல். அடுத்தவனோடு போட்டி வேண்டாம், நேற்றைய தன்னோடுதான். சில சமயம் மருந்தே தேவைப்படாது. ஒரு வருடம் இடது கையால் எழுதுகிற பெண் ஒருத்தி இருந்தாள். எப்போதும் அரைத்தாள்தான். நெருங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பெஞ்சின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்; ஒவ்வொரு வரிக்கும் அவள் இடது முழங்கையும் பக்கத்துப் பெண்ணின் வலது முழங்கையும் மோதிக்கொண்டன. பெஞ்சின் இடது ஓரத்துக்கு மாற்றி உட்காரவைத்தேன். அடுத்த தாளில் பக்கம் கூடிவிட்டது. நான் கற்றுக்கொடுத்தது ஒன்றுமில்லை.

இனி தலைப்பைப் படிக்காத பிள்ளைகள். ‘எங்கள் ஊர் ஏரி’ என்று ஒருமுறை கொடுத்தேன். பாதி வகுப்பு ‘நீரின்று அமையாது உலகு’ என்ற குறளோடு தொடங்கி, கூரையில் விழும் தண்ணீரைக் குழாய் வழியாகத் தொட்டிக்குக் கொண்டுபோய், கூழாங்கல்லும் மணலும் போட்டு வடிகட்டி முடித்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் தெரிகிற ஏரி ஒரு தாளிலும் இல்லை. மழைநீர் சேமிப்புக் கட்டுரையை மனப்பாடம் செய்திருந்தார்கள். ‘ஏரி’யைக் கண்டதும் தண்ணீர் என்று தலை திரும்பியது, கை ஓடியது. இவர்களுக்கு நேரம் நிறையவே மிச்சம் இருக்கும், அதுதான் அடையாளம்.

மனப்பாடத்தைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் செய்தித்தாள் வாங்காத, வேறு புத்தகம் பார்க்காத பிள்ளைக்கு அந்த நோட்ஸ்தான் கைமுதல். அதைப் பிடுங்கினால் வெறுங்கையோடு நிற்கும். கைமுதலை எப்படிச் செலவு செய்வது என்றுதான் காட்ட வேண்டும். நான் செய்தது: ‘மழைநீர் சேமிப்பு’, ‘எங்கள் ஊர் ஏரி’, ‘ஏரி பேசினால்’ என்று மூன்று தலைப்பைப் பலகையில் பக்கம் பக்கமாக எழுதுவேன். மனப்பாடக் கட்டுரையின் ஒவ்வொரு பத்தியையும் வாசிக்கச் சொல்லி, இது எந்தத் தலைப்பின் கீழே வரும், எதில் வராது, எதில் கொஞ்சம் மாற்றினால் வரும் என்று கேட்பேன். எழுத்து வேலை கிடையாது, பத்து நிமிடப் பேச்சுதான். வடிகட்டுகிற மணல் ஏரிக்கு வராது என்று ஒரு பையன் சொன்னதும் இன்னொருவன், ‘மணல் வரும்மா, ஏரியில அள்ளுறாங்கள்ல’ என்றான். அந்த வாக்கியத்துக்காக நான் அந்தப் பீரியடையே கொடுப்பேன். வாரம் ஒருமுறை இப்படிச் செய்தால் போதும். தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அடிக்கோடு இட்டு, ‘எங்கள் ஊர்’ என்ற இரண்டு சொல் எதற்காக இருக்கிறது என்று கேட்கிற பழக்கம் மெல்ல வரும்.

மூன்றாவது ரகத்துக்குத்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. குறிப்புச்சட்டகம் என்று ஒன்று போடவைக்கிறோமே, கட்டத்துக்குள் முன்னுரை, நாலைந்து உட்தலைப்பு, முடிவுரை என்று. அது கட்டுரைக்கு வழி போட்டுக்கொள்ள வந்தது. இப்போது கல்யாணப் பத்திரிகையின் முகப்புப் பிள்ளையார் மாதிரி ஆகிவிட்டது. ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு, மூலையில் பூ. ஒரு பெண்ணைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்துக்கே ஆறு நிமிடம் செலவு செய்தாள். எழுதி முடித்தபோது கட்டத்தில் இருந்த மூன்றாவது தலைப்பு கட்டுரைக்குள் வரவே இல்லை. அதைப் பற்றிக் கேட்டதற்கு, ‘அது சட்டகத்துக்கும்மா’ என்றாள். கோபப்பட முடியவில்லை. நாங்கள்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம்.

அதன் பிறகு சட்டகத்தை ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றினேன். ஸ்கேல் கூடாது, கோடு கூடாது, 5 நிமிடத்துக்கு மேல் கூடாது. ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே கண்ணால் கண்ட ஒரு பொருளின் பெயர் இருக்க வேண்டும். கருத்து எழுதக் கூடாது. ஏரிக்கு ஒரு பையன் போட்ட குறிப்பு இன்னும் நினைவிருக்கிறது: ‘கரை – மணல் மூட்டை. மதகு – பூட்டு – சாவி யாரிடம்? சீமைக்கருவேலம் – முள் – செருப்பு. மீன் ஏலம் – மாமா.’ இவ்வளவுதான். சாதாரணமாக ஆறு வரியோடு நிற்பவன். ‘முள் – செருப்பு’ மட்டுமே ஐந்து வரி ஆனது: ஏரிக்குள் விளையாடப் போய் முள் செருப்பைத் துளைத்தது, முன்பு அங்கே நெல் விளைந்ததாகப் பாட்டி சொன்னது, இப்போது கருவேலம் மண்டிக் கிடப்பது. ‘நீர்நிலைகளைப் பாதுகாப்பது நம் கடமை’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அவனால் இரண்டாவது வரிக்குப் போயிருக்க முடியாது. கருத்து வாக்கியம் முடிந்தவுடன் கதவைச் சாத்திக்கொள்ளும். பொருள் அப்படியில்லை, அதைச் சுற்றி யார், எங்கே, எப்போது என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். தேர்வில் குறிப்புகளை வினாவிலேயே கொடுத்துவிடுகிறார்கள், பாதி வேலை மிச்சம். பிள்ளைகள் அந்தக் குறிப்பையே வாக்கியமாக்கி இரண்டு வரியில் முடித்துவிடாமல் இருக்க, கொடுத்த குறிப்புக்குப் பக்கத்திலும் ஒரு பொருளை எழுதப் பழக்குங்கள்.

முன்னுரையில் உறைந்துபோகிறவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. ஆறு வரி இடம் விட்டுவிட்டு, தங்களுக்கு நன்றாகத் தெரிந்த பத்தியில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள். மூன்று பத்தி எழுதியபின் முன்னுரை தானாக வரும். இதில் ஆபத்தும் உண்டு: என்னிடம் இரண்டு பேர் அந்த ஆறு வரியை வெறுமையாகவே விட்டுவிட்டுத் தாளைக் கொடுத்தார்கள். அதனால் வகுப்பில் நாலைந்து தடவை செய்து பழகாத பிள்ளையைத் தேர்வில் இதைச் செய்யவிடாதீர்கள்.

எனக்குப் பெரிய பலன் தந்த இன்னொரு வேலையைச் செய்யத் தொடங்கவே பதினைந்து வருடம் ஆனது, வெட்கம்தான் காரணம். பிள்ளைகளே தலைப்புச் சொல்ல வேண்டும், நான் அவர்கள் கண்முன்னே பலகையில் கட்டுரை எழுத வேண்டும், வகுப்புத் தலைவி கடிகாரம் பார்ப்பாள், 10 நிமிடம். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். ‘பேருந்துப் பயணம்’ என்று கொடுத்தார்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன். ‘காலையில் எட்டு மணிக்கு… வேண்டாம், எல்லாரும் இப்படித்தான் தொடங்குவார்கள்… படிக்கட்டில் தொங்கும் பையை எடுத்துக்கொள்கிறேன்…’ என்று சொல்லி அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். பின்பெஞ்சில் இருந்து, ‘அம்மா, நீங்களே அடிக்கிறீங்க’ என்றது ஒரு குரல். அன்று வகுப்பு கற்றுக்கொண்டது அதைத்தான்: தெரிந்தவர்களும் அடித்துத்தான் எழுதுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும் எழுதுகிறவர்களை வாய்விட்டு யோசிக்கவைத்துப் பதிவு செய்து 1981-இல் எழுதியதும் இதுவே. திட்டம் போடுவது, எழுதுவது, திரும்பப் பார்ப்பது எல்லாம் வரிசையாக நடப்பதில்லை, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொண்டே இருக்கும். ஆகவே குறிப்பில் இருந்தது எழுதும்போது மாறினால் மாறட்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் போய்விடும் என்று நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஒரே கோட்டால் சுத்தமாக அடிக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

எழுதுகிற நாளைப் பற்றிச் சுருக்கமாக. கடைசிப் பீரியடு வேண்டாம், விளையாட்டுப் பீரியடுக்கு அடுத்ததும் வேண்டாம். பலகையின் ஓரத்தில் நேரத்தை எழுதுங்கள். ‘இன்னும் பத்து நிமிஷம்தான்’ என்று குரல் கொடுக்காதீர்கள், அந்தக் குரலில் பாதிப் பிள்ளைகளுக்கு வாக்கியம் அறுந்துபோகும். குறிப்புக்கு 5, எழுத 28, படித்துப் பார்க்க 5 என்று நான் பிரிப்பேன். தாள் கொடுக்க வாங்க 2 போய்விடும். அந்தப் படித்துப் பார்க்கும் 5 நிமிடத்தில் எல்லாப் பிழையையும் தேடச் சொன்னால் ஒன்றையும் தேட மாட்டார்கள். ஒருமுறை வல்லினம் மிகும் இடம் மட்டும், இன்னொருமுறை எழுவாயும் பயனிலையும் பொருந்துகிறதா என்பது மட்டும். ‘பறவைகள் பறந்தது’ வகையை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

திருத்துவதிலும் அப்படித்தான். 40 தாளில் எல்லாப் பிழைக்கும் சிவப்பு மை போட்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போகும், பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடும். ஒவ்வொரு தாளிலும் ஓடுகிற ஒரு பத்திக்குப் பக்கத்தில் கோடு, நின்றுபோன ஓரிடத்தில் ஒரு கேள்வி, அவ்வளவு போதும். ‘சாவி யாரிடம் இருந்தது?’ என்று எழுதினால் பிள்ளை பதில் எழுதும். ‘விரிவாக எழுதுக’ என்று நான் போட்ட நூற்றுக்கணக்கான சிவப்புக் குறிப்புக்கு ஒருவரும் விரித்து எழுதியதில்லை.

இதுவரை சொன்னதில் கையைப் பற்றியும் குறிப்பைப் பற்றியும் உறுதியாகச் சொல்வேன், பல வருடத் தாள்களில் பார்த்தது. உட்தலைப்பும் மேற்கோளும் எவ்வளவு தூரம் உதவும் என்பதில் அந்த உறுதி இல்லை. திருத்துபவருக்குக் கண்ணில் படும் என்பது உண்மை; ஆனால் ஒரே குறள் எல்லாத் தாளிலும் வந்தால் அவர் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது, நானே தாண்டியிருக்கிறேன். வண்ணப் பேனாக்களை விட்டுவிடலாம். எழுதவும் அடிக்கோடு இடவும் நீலம் அல்லது கறுப்பு மை மட்டும் என்று வினாத்தாளிலேயே போட்டிருக்கிறது. பேனா மாற்றுகிற நேரமும் மிச்சம். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிற தகுதி எனக்கில்லை. எழுத்து மாறி மாறி வருகிற, வாயால் அருமையாகச் சொல்லித் தாளில் ஒன்றுமே எழுத முடியாத பிள்ளை இருந்தால், மேலே சொன்ன எதையும் அதன்மேல் திணிக்காமல் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்க வழியிருக்கிறது. கடைசி நேரத்தில் அலைய முடியாது, ஒன்பதாம் வகுப்பிலேயே கவனித்தால் நல்லது.

இப்போது உங்கள் இரண்டு கேள்விகள். முதல் இரண்டு தடவை தலைப்பைச் சொல்லாதீர்கள், களத்தை மட்டும் முந்தின நாளே சொல்லுங்கள்: ‘நாளைக்குத் தண்ணீரைப் பற்றி வரும், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.’ நோட்ஸில் தேட முடியாது, பாட்டியிடம்தான் கேட்டாக வேண்டும். மூன்றாவது தடவை மூன்று தலைப்பைச் சொல்லி அதில் ஒன்று வரும் என்று சொல்லலாம். நான்காவது தடவை ஒன்றும் சொல்ல வேண்டாம். முழுக் கட்டுரை இந்த நான்கு போதும் என்பது என் கணக்கு, வாரத்துக்கொன்று என்று வைத்தால் பிள்ளைகளும் சலித்துப்போவார்கள், நீங்களும் திருத்தி முடிக்க மாட்டீர்கள். இடையில் வருவதெல்லாம் துண்டுத் துண்டாக: ஒரு நாள் குறிப்பு மட்டும், ஒரு நாள் ஒரே ஒரு பத்தி, ஒரு நாள் பத்து நிமிடப் பேச்சு. அடுத்த மாதமே நான்கையும் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். அடுத்த மாதம் வைக்கப்போவதை முதலாவதாக வைத்துக்கொண்டு, களத்தை மட்டும் சொல்லி, பத்தாவது நிமிட வரிக் கணக்கை எடுங்கள். 15 நிமிடக் கட்டுரையை அரையாண்டுக்குப் பிறகு இரண்டு முறை வையுங்கள். அதைப் பீரியடின் தொடக்கத்தில் வைக்காமல், ஒரு நெடுவினாவை எழுதவைத்து, விரலை உதறிக்கொள்ளத் தொடங்குகிறார்களா என்று பார்த்துவிட்டு, அப்புறம் தலைப்பைப் பலகையில் எழுதுங்கள்.